பாட்டு வாத்தியார் தேடும் படலம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், பாட்டு கிளாஸ், வாத்திய கிளாஸ் சம்பந்தமாக எந்தச் சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். ராகம் பற்றிக் கேட்பீர்கள், தொண்டை கட்டினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: நல்ல டீச்சரை எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் இந்த முறை முழுக்க அதுவே. நான் ஸ்ரீரங்கத்தில் இருபத்தெட்டு வருஷமாக வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுக்கிறவள். ஆகவே இந்த விஷயத்தில் நானும் ஒரு கட்சிதான், அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. எங்கள் ஏரியாவிலேயே மூன்று இடம் இருக்கிறது. ஒருவர் சபாக்களில் பாடுகிறவர், டிவியில் கூட வந்திருக்கிறார், ஒரு பேட்ச்சில் பதினைந்து குழந்தைகள். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், வீட்டில் இரண்டு மூன்று பேராக உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார். மூன்றாவது ஓர் அகாடமி, ஏ.சி. ரூம், டி-ஷர்ட், முதல் கிளாஸ் இலவசம். யாரிடம் சேர்ப்பது? (ஓர் அம்மா, திருநகர், மதுரை)

பதில்: அந்த மூன்று பேரையும் எனக்குத் தெரியாது, அதனால் இவரிடம் சேருங்கள் என்று கை காட்ட மாட்டேன். ஆனால் இவ்வளவு எழுதிய நீங்கள் ஒன்றை மட்டும் எழுதவில்லை. அவர்களிடம் படிக்கிற பிள்ளைகள் எப்படிப் பாடுகிறார்கள்? ஒருவர் கச்சேரியில் நன்றாகப் பாடுகிறார் என்றால் அது அவர் செய்த சாதகம், அவருடைய பயிற்சி. அவரிடம் இரண்டு வருஷம் படித்த குழந்தை எப்படிப் பாடுகிறது என்பதில்தான் அவர் சொல்லிக்கொடுக்கிற லட்சணம் தெரியும். அதிலும், போய்க் கேட்டால் எல்லாரும் தங்களுடைய கெட்டிக்கார மாணவியைத்தான் பாடச் சொல்வார்கள். அவள் எந்த டீச்சரிடம் போயிருந்தாலும் பாடியிருப்பாள், அது கணக்கில் சேராது. ஆண்டு விழாவுக்கோ, நவராத்திரிக்கு ஏதாவது கோயிலில் குழந்தைகள் பாடும்போதோ போய், பின் வரிசையில் நிற்கிற சாதாரணக் குழந்தைகளைக் கவனியுங்கள். சுருதியோடு ஒட்டிப் பாடுகிறதா, தாளம் போடுகிற கை வாயைப் பின்னால் விட்டுவிட்டு ஓடுகிறதா, பாடும்போது கண் டீச்சரைப் பார்த்து மிரள்கிறதா. இதற்கெல்லாம் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. சுருதி விலகினால் ஒன்றும் தெரியாதவர் காதிலும் ஏதோ உறுத்தும்.

அடுத்தது, ஒரு நாள் கிளாஸில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். உட்கார்ந்ததும் முதலில் சுருதிப் பெட்டியைப் பாருங்கள். குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்னால் அது போட்டாயிற்றா? எத்தனை கட்டை வைத்திருக்கிறார்? கட்டை என்பது அடிப்படை சுருதியின் அளவு. ஒரு கட்டை என்றால் கீபோர்டில் சி, ஐந்து என்றால் ஜி, ஆறு என்றால் ஏ. சின்னக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் ஏறக்குறைய ஐந்திலிருந்து ஆறு வரை சரிப்படும், ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு. ஆனால் இது பொது வழக்கம், எல்லாத் தொண்டைக்கும் பொருந்துகிற சட்டம் கிடையாது. சில ஆண் வாத்தியார்கள் தங்களுக்கு வசதியான ஒன்றரைக் கட்டையிலேயே பெண் குழந்தைகளையும் பாட வைப்பார்கள். கீழே கீழே என்று அமுக்கி, கடைசியில் அந்தக் குழந்தைக்கு எட்டுகிற சுரமே இல்லாமல் முணுமுணுப்பாகப் போய்விடும். நல்ல வாத்தியார் குழந்தையின் கட்டையை வைத்துவிட்டு, தான் அதற்குக் கீழ் ஸ்தாயியில் பாடிக் காட்டுவார், இல்லையென்றால் வயலினிலோ கீபோர்டிலோ பிடித்துக் காட்டுவார்.

இதில் நானே தப்பு செய்திருக்கிறேன். ஒரு பையன், எட்டு வயசு இருக்கும், மூன்று வாரம் ஆகியும் ஸட்ஜத்தில், அதாவது முதல் சுரமான 'ஸ'வில், நிற்கவே இல்லை. இவனுக்குக் காது இல்லை என்று அவன் அம்மாவிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் கரண்ட் போய், சுருதிப் பெட்டி இல்லாமல் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது அவன் தானாக ஏதோ சினிமாப் பாட்டை முனகினான், அவ்வளவு சுத்தமாக. பார்த்தால் அவனுடைய குரல் நாலரைக் கட்டையில் இருக்கிறது, நான் எல்லாரையும் போல அவனையும் ஆறில் ஏற்றி வைத்திருக்கிறேன். இறக்கினேன், அன்றைக்கே சுருதியோடு சேர்ந்துவிட்டான். அவன் அம்மாவிடம் அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், உங்கள் மகளுக்கு சங்கீதம் வராது என்று முதல் மாதத்திலேயே ஒரு டீச்சர் சொன்னால் அதை நம்பி வீட்டுக்குத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

இரண்டாவதாக, குழந்தை தப்பாகப் பாடும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "மறுபடி பாடு, மறுபடி பாடு" என்று மட்டும் சொல்கிறாரா, இல்லை எந்த இடத்தில் எந்த சுரம் நழுவியது என்று பிடித்து அந்த இரண்டு சுரத்தை மட்டும் நாலு தடவை பாட வைத்து, அப்புறம் முழு வரிசைக்குப் போகிறாரா? எனக்குத் தெரிந்து நல்ல டீச்சர்களிடமும் மற்றவர்களிடமும் பெரிய வித்தியாசம் இங்கேதான். இன்னொன்று, எல்லா நேரமும் கூடவே பாடுகிற டீச்சர். கேட்க நன்றாக இருக்கும், குழந்தை நன்றாகப் பாடுகிற மாதிரியே தோன்றும், ஆனால் அது டீச்சரின் குரலைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நடை. கையை விட்டால் விழும். ஒரு கிளாஸில் ஐந்து நிமிஷமாவது குழந்தை தனியாகப் பாட வேண்டும்.

முதல் வருஷம் என்ன சொல்லித் தருவார்கள் என்பதில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருக்காது. புரந்தரதாசர் போட்டுக் கொடுத்த பாதை என்று சொல்வார்கள், சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம் என்று சுரப் பயிற்சிகள், எல்லாம் மாயாமாளவகௌளை ராகத்தில். சங்கராபரணம் மாதிரி பழகின ராகத்தை விட்டுவிட்டு ஏன் இதில் ஆரம்பிக்கிறார்கள் என்றால், ஸட்ஜத்துக்கு ஒட்டினாற்போல் ரிஷபம், அங்கிருந்து காந்தாரத்துக்குப் பெரிய தாவல், மறுபடி மத்யமம் பக்கத்தில். மேல் பாதியிலும் பஞ்சமத்திலிருந்து அதே அமைப்புதான். பக்கத்துச் சுரம், தூரத்துச் சுரம் இரண்டும் காதுக்கும் தொண்டைக்கும் சட்டென்று பிடிபடும். அதற்கப்புறம் மலஹரி ராகத்தில் "ஸ்ரீ கணநாத" கீதம். கீதம் என்றால் ஆரம்ப நிலைச் சின்னப் பாட்டு. ஒரு வருஷத்தில் குழந்தை சரளியையும் ஜண்டையையும் மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், கை தப்பாமல் பாடி, நாலைந்து கீதம் தெரிந்திருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஆறு மாதத்தில் மேடையில் ஏற்றுகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த மேடை குழந்தைக்கா, அந்த இடத்தின் விளம்பரத்துக்கா என்று யோசியுங்கள்.

இப்போது உங்கள் மூன்று பேர். சபா வித்வானிடம் ஒரு நடைமுறைச் சிக்கல், மார்கழி வந்தால் அவர் கச்சேரிகளுக்காகச் சென்னைக்குப் போய்விடுவார். அந்த மாதம் கிளாஸ் உண்டா, வேறு யாராவது நடத்துவார்களா, ஃபீஸ் எப்படி என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பதினைந்து பேர் கூட்டத்தில் ஏழு வயதுக் குழந்தை சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் அவள் குரல் அவர் காதுக்குப் போகாது. அகாடமியில் இலவச கிளாஸை நடத்துகிறவர்தான் உங்கள் மகளுக்கும் சொல்லித் தரப்போகிறாரா என்று கேளுங்கள். பல இடங்களில் முதல் நாள் ஒருவர், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருவர் என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொருவரும் சரளியிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார். ரிட்டயர் ஆன டீச்சர் பக்கம்தான் என் மனசு சாய்கிறது, ஆனால் அது பார்க்காமலே சாய்கிற சாய்வு. மூன்று இடத்திலும் ஒவ்வொரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மகனுக்குப் பதிமூன்று வயது. ஆறு வருஷமாகப் பாட்டு கற்கிறான். இரண்டு மாதமாகக் குரல் உடைந்து உடைந்து வருகிறது. டீச்சர் விடாமல் பழைய சுருதியிலேயே பாடச் சொல்கிறார், அவன் கிளாஸுக்குப் போகவே அழுகிறான். வேறு ஆளைப் பார்க்கவா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: மகரக்கட்டு. பையன்களுக்கு இந்த வயசில் வருவதுதான். குரல்வளை பெரிதாகிறது, குரல்நாண் நீளமாகித் தடிக்கிறது, அதனால் குரல் கீழே இறங்கும், நடுவில் கொஞ்ச காலம் எங்கே நிற்கும் என்று அவனுக்கே தெரியாது. இந்த நேரத்தில் பழைய கட்டையிலேயே மேல் ஸ்தாயிக்கு இழுக்கச் சொல்வது தப்பு, நான் பூசி மெழுக மாட்டேன். இந்த வயசுப் பையன்களைக் கையாண்ட டீச்சர் என்றால் கட்டையை இறக்குவார், வாரத்துக்கு வாரம் கூட மாற்றுவார், மத்திய ஸ்தாயியை விட்டு வெளியே போகாமல் மெதுவாகப் பாட வைப்பார். சில பேர் அந்த ஆறு மாதம், ஒரு வருஷத்தைத் தாளத்துக்கும் சுரம் எழுதுவதற்கும் கேட்டுப் பழகுவதற்கும் திருப்பிவிடுவார்கள். சில பையன்கள் அந்தச் சாக்கில் மிருதங்கமோ கஞ்சிராவோ கற்றுக்கொண்டு, அப்புறம் பாட்டுக்குத் திரும்பும்போது லயம் கெட்டியாகி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் டீச்சரிடமே நேரில் பேசுங்கள். ஒருவேளை பெண் குழந்தைகளுக்கே இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தவராக இருக்கலாம், தெரியாமல் செய்கிறாராக இருக்கலாம். சொல்லியும் கேட்கவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அவன் அழுவது சோம்பேறித்தனம் இல்லை, அந்த வயசில் நாலு பெண் பிள்ளைகள் முன்னால் குரல் உடைந்தால் யாருக்கும் அழுகை வரும்.

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு மாமியிடம் என் பெண் நாலு வருஷமாகப் பாட்டு கற்கிறாள். மாமி தங்கமானவர். ஆனால் ஒன்றரை வருஷத்தில் வர்ணத்துக்குப் போய், இப்போது இருபது கீர்த்தனைக்கு மேல் "பாடம்" ஆகிவிட்டது, எதுவுமே சுருதியில் இல்லை என்று சமீபத்தில் ஒரு போட்டியில் ஜட்ஜ் சொல்லிவிட்டார். மாமி மனசு நோகாமல் எப்படி மாறுவது? (பெயர் வேண்டாம்)

பதில்: பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியது ஏன் என்று எனக்குப் புரிந்தது, கும்பகோணம் சின்ன ஊர்.

மாறுவதற்கு முன் ஒரு சோதனை. உங்கள் பெண்ணைத் தம்பூரா ஆப் போட்டுக்கொண்டு ஜண்டை வரிசையை முதல் காலத்தில், மெதுவாக, தனியாகப் பாடச் சொல்லி ஃபோனில் ரிக்கார்ட் செய்து அவளையே கேட்கச் சொல்லுங்கள். நாலு வருஷம் படித்த பெண்ணுக்குத் தன் சுரம் எங்கே விலகுகிறது என்று கேட்கத் தெரிந்தால் அடித்தளம் இருக்கிறது, மேலே கட்டியதுதான் அவசரம். கேட்கவே தெரியவில்லை என்றால் திரும்ப வரிசைக்குப் போகத்தான் வேண்டும், அதற்கு ஒரு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் வீண் என்று வீட்டில் யாரும் அவள் காதுபடச் சொல்லக்கூடாது.

மாமியிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமே. "புதுப் பாட்டு வேண்டாம் மாமி, இருக்கிறதையே ஆறு மாசம் சரி பண்ணுங்கோ" என்று. பல டீச்சர்கள் வேகமாக ஓடுவதற்குப் பெற்றோர்தான் காரணம், எங்களிடம் மாசா மாசம் "இப்ப என்ன பாட்டு நடக்குது?" என்று கேட்கிறீர்கள், "இந்த மாசமும் அதே அலங்காரம்தான்" என்று சொன்னால் முகம் மாறுகிறது. நானும் சில வருஷம் அந்த முகத்துக்குப் பயந்து ஓடியிருக்கிறேன்.

மாறத்தான் வேண்டும் என்றால், தயவுசெய்து வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். கிளாஸுக்கு வராமல் மெதுவாக நழுவவும் நழுவாதீர்கள், அது எங்களுக்கு மாசக்கணக்கில் குடையும். கையில் இருக்கிற பாட்டு முடியட்டும், அந்த மாத ஃபீஸைக் கொடுத்துவிட்டு, வெற்றிலை பாக்கு, பழம், ஒரு ரவிக்கைத் துணி வைத்து, பெண்ணை நமஸ்காரம் பண்ணச் சொல்லி, "குரல் பயிற்சிக்காக வேறு ஒருத்தரிடம் போகலாம் என்று இருக்கிறோம், ஆசீர்வாதம் பண்ணுங்கள்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஜட்ஜ் சொன்னதைச் சொல்ல வேண்டாம். மாமிக்குப் புரியும், புரியாவிட்டாலும் நீங்கள் மரியாதையாக நடந்துகொண்டது ஊருக்குத் தெரியும். புது டீச்சரிடம் பேசும்போதும் பழைய இடத்தில் படித்ததை மறைக்காதீர்கள். அவர் முதல் நாளே "இதெல்லாம் தப்பு, யார் சொல்லிக் கொடுத்தது?" என்று ஆரம்பித்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள். ஒரே கீர்த்தனையை வேறு வேறு குரு பரம்பரையில் வேறு வேறு சங்கதிகளோடு, அதாவது ஒரே வரியை வேறு வேறு விதமாக மாற்றிப் பாடுவார்கள், இந்தப் பாடாந்தர வித்தியாசம் தப்பு ஆகாது. சுருதி விலகினால்தான் தப்பு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் சேருங்கள்.

கேள்வி: எனக்கு நாற்பத்தாறு வயது, வங்கி வேலை. சின்ன வயதிலிருந்து பாட ஆசை. போய்ச் சேர்ந்தால் ஏழு வயதுக் குழந்தைகளோடு சரளி வரிசை பாட வைக்கிறார். எனக்கு நாலு தேவாரமும் பழைய சினிமாப் பாட்டும் ஒழுங்காகப் பாடத் தெரிந்தால் போதும். (வாசகர், தாம்பரம்)

பதில்: அதை அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொல்லவில்லை போலிருக்கிறது. பெரியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது, பீஸ் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. சரளி வரிசையிலிருந்து தப்பிக்க முடியாது, அது உங்களுக்கும் வேண்டும், ஆனால் குழந்தைகளுக்கு ஒரு வருஷம் ஆவதை உங்களுக்கு நாலைந்து மாதத்தில் முடித்து, கூடவே ஒரு தேவாரத்தையும் ஆரம்பித்துவிடலாம். வாரம் ஒரு நாள், காலையில் ஆபீஸுக்கு முன்னால் தனி கிளாஸ் கேளுங்கள். தேவாரம்தான் முக்கியம் என்றால், பக்கத்துச் சிவன் கோயிலில் ஓதுவார் இருந்தால் அவரிடமே போய்ப் பேசிப் பாருங்கள். பண்ணோடு, பதம் பிரித்து, உச்சரிப்போடு கற்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

உங்கள் டீச்சரிடம் பார்க்க வேண்டியது ஒன்றுதான், நீங்கள் தப்பு செய்யும்போது சிரிக்காமல் திருத்துகிறாரா? பெரியவர்களுக்குக் காது வேகமாகப் புரிந்துகொள்ளும், தொண்டை பின்னால் வரும், நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார்கள். தினம் இருபது நிமிஷம் வீட்டில் உட்கார முடியுமா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் என்பது பிரயோஜனப்படாது.

கேள்வி: மகன் கீபோர்டில் நாலாவது கிரேடு முடித்துவிட்டான், டிஸ்டிங்ஷன். ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் ஏதாவது வாசி என்றால் பரீட்சைப் பாட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. டீச்சர் மேல் தப்பா? (வாசகி, ஆர்.எஸ்.புரம், கோவை)

பதில்: பாதி டீச்சர் மேல், மீதி நம் மேல். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டுமே லண்டன் பரீட்சைகள், ஒன்றிலிருந்து எட்டு வரை கிரேடு. பாடத்திட்டத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வருஷம் ஒரு கிரேடு என்று துரத்தினால், ஒரு வருஷம் முழுக்க அதே சில பாட்டுகளும் கொஞ்சம் ஸ்கேலும் மட்டும் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். விரல் பழகும், நோட்டைப் பார்த்துத் தானாக வாசிக்கிற பழக்கம் வராது. ஒரு வருஷம் பரீட்சை எழுதாமல் இருக்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள், அந்த வருஷத்தில் சுலபமான இருபது முப்பது பாட்டு வாசிக்கட்டும், இரண்டு தமிழ்ப் பாட்டைக் காதால் கேட்டுப் பிடிக்கட்டும். பரீட்சை இல்லாமல் என்ன சொல்லித் தருவது என்று அவரே தடுமாறினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

அப்புறம் ஒரு தகவல், அந்த டீச்சர் சொல்லியிருக்கிறாரோ இல்லையோ. ஏபிஆர்எஸ்எம்மில் ஐந்தாவது கிரேடு தியரி தேறாமல் ஆறாவது கிரேடு வாசிப்புக்குப் போக முடியாது (தியரிக்குப் பதிலாக எடுக்கக்கூடியவை ஓரிரண்டு உண்டு). டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. எதில் போகிறான் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறம். மகளுக்குப் பத்து வயது, கிழமையில் ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு ஆசிரியை ஒன்லைனில் பாட்டுப் படிப்பிக்கிறா. ஒரு வருடமாகியும் தாளம் பிடிபடேல்லை. நேரில் இங்கே ஆளைத் தேடுவதா? (ஒரு தாய், கனடா)

பதில்: தாளம் பிடிபடாததற்கு உங்கள் மகளும் காரணமில்லை, ஆசிரியையும் காரணமில்லை. இங்கிருந்து சத்தம் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகிறது, அங்கிருந்து இங்கே வர மறுபடி கொஞ்சம். இரண்டு பேரும் சேர்ந்து தாளம் போட்டால் எப்போதும் ஒருவர் பின்னால்தான் இருப்பார். ஆன்லைனில் சேர்ந்து பாடவே கூடாது, மாற்றி மாற்றித்தான் பாட வேண்டும். ஆசிரியை பாடி ரிக்கார்ட் செய்து அனுப்ப, மகள் அதோடு சேர்ந்து கை போட்டுப் பழகி, தான் பாடியதை ரிக்கார்ட் செய்து கிளாஸுக்கு முதல் நாளே அனுப்பட்டும். தம்பூரா உங்கள் வீட்டில், மகள் காதுக்குப் பக்கத்தில் ஓட வேண்டும். ஜூமில் "ஒரிஜினல் சவுண்ட்" என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போடாவிட்டால் அது தம்பூராவை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும், கார்வையாக நிற்கிற குரலையும் கூட. மார்ச்சிலும் நவம்பரிலும் உங்கள் ஊரில் கடிகாரத்தை மாற்றுவார்கள், இங்கே மாற்றுவதில்லை, நேர வித்தியாசம் மார்ச்சில் ஒன்பதரை மணியாகும், நவம்பரில் பத்தரை மணியாகும், இதனால் மட்டுமே எங்களுக்குள் வருஷத்துக்கு இரண்டு தடவை சண்டை வரும்.

ஆனால் ஆரம்ப நிலையில் நேரில் ஒருவர் கிடைத்தால் நேரில்தான். உங்கள் பக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியைகள் இருப்பார்களே. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைப் பிரிவில் படித்தவர்கள், வட இலங்கைச் சங்கீத சபைத் தேர்வுகளில் ஆசிரியர் தரம் வரை முடித்தவர்கள் என்று விசாரித்துப் பாருங்கள். சென்னை என்ற பெயருக்காகப் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஆளை விட்டுவிடாதீர்கள். தாளம் கையில் உட்கார்ந்து, வர்ணம் வந்த பிறகு ஆன்லைனுக்குத் திரும்பினால் இதே ஆசிரியையிடம் நிறையக் கிடைக்கும்.

கேள்வி: எங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் ஃபீஸ் கட்ட வழியில்லை. பெண் ஆறாம் வகுப்பு, நன்றாகப் பாடுகிறாள். (வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: புதுக்கோட்டையிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை தமிழ்நாட்டில் இப்படிப் பதினேழு பள்ளிகள் நடத்துகிறது, சீர்காழி, திருவாரூர், பெரம்பலூர், தூத்துக்குடி என்று. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் இருக்கும். மூன்று வருஷப் படிப்பு, கட்டணம் பெயரளவுக்குத்தான். ஆனால் அது பகல் நேர வகுப்பு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இப்போதைக்குப் பொருந்தாது, பின்னால் அவளே இதில்தான் போக வேண்டும் என்று நின்றால் யோசிக்கலாம். இப்போதைக்கு ஜவகர் சிறுவர் மன்றம் பற்றி அங்கேயே விசாரியுங்கள், ஐந்து முதல் பதினாறு வயது வரை சேர்த்துக்கொள்வார்கள், விடுமுறை நாட்களில் வகுப்பு. நேராக ஒரு டீச்சரிடம் போய் "இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லவும் தயங்க வேண்டாம். நன்றாகப் பாடுகிற குழந்தையைப் பணத்துக்காகத் திருப்பி அனுப்பிய டீச்சரை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்லித் தருகிறார், பெற்றோர் இருந்தால் குழந்தைக்குக் கவனம் சிதறும் என்கிறார். அப்படித்தானா? (வாசகி, வேலூர்)

பதில்: இல்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோன் பேசினால் கவனம் சிதறும், நடுவில் "நல்லா பாடுடி" என்று சொன்னாலும் சிதறும். கூடத்தில் உட்கார்ந்து, கதவு திறந்திருந்து, குழந்தை உங்கள் கண்ணில் படுவதால் எந்தப் பாட்டும் கெட்டுப்போகாது. தாளத்துக்குக் கையைப் பிடித்துக் காட்டலாம், வயலினில் வில் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க விரலைத் தொடலாம், அதற்குமேல் தொட வேண்டிய வேலை பாட்டு கிளாஸில் கிடையாது. கதவைத் திறந்து வையுங்கள் என்று சொல்லி அவர் மறுத்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஊரில் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் சரி. குழந்தை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள், 1098 சைல்டு லைன் எண்.

கேள்வி: விஜயதசமி அன்றைக்குத்தான் ஆரம்பிக்க வேண்டுமா? இன்னும் நாலு மாதம் இருக்கிறது. (வாசகர், நாமக்கல்)

பதில்: விஜயதசமி அன்று என் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. ஆளுக்கு இரண்டு நிமிஷம், ஸரிகம ஒரு தடவை, சுண்டல், அடுத்த குழந்தை. அன்றைக்கு டீச்சர் எப்படிச் சொல்லித் தருகிறார் என்று யாராலும் பார்க்க முடியாது. நீங்கள் இந்த மாதமே ஏதாவது ஒரு புதன்கிழமை சாயங்காலம், மழை பெய்து, பாதிக் குழந்தைகள் வராத நாளாகப் பார்த்துப் போங்கள். சேர்ந்த பிறகு விஜயதசமி வரும்போது ஒரு தட்டில் பழம் வைத்துக்கொண்டு மறுபடி ஒரு தடவை ஆரம்பித்துக்கொள்ளலாம், நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம்.